சிவப்புப் பேனையால் வெட்டிய சொல்



இன்று ஒக்ரோபர் 30. கொஞ்சம் நீளமான பதிவு. பாதி பஸ்ஸில் இருந்து எழுதியது, பாதி வீட்டில் இருந்து எழுதியது. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: நாங்கள் சண்டிலிப்பாயில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறோம். வீடு யாழ்ப்பாணம் சோனகதெருப் பக்கம். காலையில் காரைநகர் பஸ்ஸில் ஏறி, ஆனைக்கோட்டை, மானிப்பாய் தாண்டி வந்து இறங்குவோம். சின்ன வயதில் 'நான், நான்' என்று கதைத்தால் உம்மா கண்டிப்பார். அந்தப் பழக்கத்தில் எழுதும்போதும் 'நாங்கள்' என்றுதான் வருகிறது. குறை நினைக்காதீர்கள்.

முந்திய பதிவொன்றில் 'பொறோ', 'லென்ட்' என்ற இரண்டு சொற்களைப் பற்றி எழுதியிருந்தோம். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டுமே இரவல்தான். வாங்கினாலும் இரவல், குடுத்தாலும் இரவல். ஆங்கிலத்தில் வாங்குகிறவருக்கு ஒரு சொல், குடுக்கிறவருக்கு வேறொரு சொல். மாற்றிப் போட்டால் யார் யாருக்குக் கடன் என்பதே தலைகீழாகிவிடும்.

இன்றைக்கு எழுதப் போகிறவையும் அந்த மாதிரிச் சொற்கள்தான். ஓ.எல் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் உதவும். ஆனால் இவற்றில் ஒன்றை நாங்களே பிழையாகத் திருத்தினோம். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியில்லை.

இந்த வருடம் நடுப்பகுதியில் தரம் 10 வகுப்பில் நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதினோம். றெஃபியூஜி. டிஸ்பிளேஸ்ட். எவக்குவேட்டட். எக்ஸ்பெல்ட். ஒவ்வொன்றுக்கும் தமிழ் சொல்லச் சொன்னோம். முதல் சொல்லுக்கு அகதி என்றார்கள். இரண்டாவதற்கும் அகதி என்றார்கள். மூன்றாவதற்கு ஒரு பிள்ளை யோசித்துவிட்டு, "அதுவும் அகதிதான் ரீச்சர்" என்றது. வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். எங்கள் ஊர்களில் ஒரே குடும்பம் இந்த மூன்றாகவும் இருந்திருக்கிறது. பிள்ளைகளில் பிழை இல்லை.

விளக்கத்தைச் சுருக்கமாக இங்கேயும் தருகிறோம்.

'றெஃபியூஜி' என்றால் நாட்டு எல்லையைத் தாண்டிப் போனவர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. சொந்த நாட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், திரும்பிப் போகப் பயப்படுவதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். வள்ளத்தில் இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் பதிந்தவர்கள் றெஃபியூஜி. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த நாங்கள் சட்டத்தின்படி றெஃபியூஜி இல்லை. கடல் தாண்டவில்லை, மாகாணம் மட்டும் தாண்டினோம். எங்களைப் போன்றவர்களுக்காக 1998இல் ஐக்கிய நாடுகள் சபை சில வழிகாட்டிக் கோட்பாடுகளை வெளியிட்டது. உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் என்ற வகைக்கு வரைவிலக்கணம் அதில் இருக்கிறது.

சொற்களின் வேரையும் பிள்ளைகளுக்குக் காட்டினோம். 'றெஃபியூஜி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் தஞ்சம் இருக்கிறது. 1685இற்குப் பிறகு பிரான்சிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த புரொட்டஸ்தாந்து மக்களோடுதான் அந்தச் சொல் ஆங்கிலத்தில் பரவியது. அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை வைத்து வந்த பெயர் அது. எங்கள் 'அகதி' அப்படியில்லை. கதி இல்லாதவர் அகதி. ஆங்கிலம் கிடைத்ததைச் சொல்கிறது, தமிழ் இழந்ததைச் சொல்கிறது.

'எவக்குவேட்' என்றால் ஆபத்துக்கு முன்னே ஆட்களைப் பாதுகாப்புக்காக அப்புறப்படுத்துவது. வெறுமையாக்குதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. சுனாமி எச்சரிக்கை வந்தால் கரையோரத்தில் செய்கிறார்களே, அது. 'எக்ஸ்பெல்' என்றால் வெளியே துரத்துவது. இதில் பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை.

"உதாரணம் சொல்லுங்கோ ரீச்சர்" என்றார்கள். எங்கள் வீட்டிலிருந்தே ஒரு வசனம் சொன்னோம். 1990இல் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து எக்ஸ்பெல் செய்யப்பட்டோம்.

பின் வாங்கில் இருந்த ஒரு பையன் கை தூக்கினான்.

"ரீச்சர், எக்ஸ்பெல் எண்டா குழப்படி செய்த பிள்ளையை ஸ்கூலை விட்டுக் கலைக்கிறதெல்லோ?"

"ஓம், அதுக்கும் இந்தச் சொல்தான்."

"அப்ப உங்கட ஆக்கள் என்ன பிழை செய்தவை?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் தட்டினான். ஆனால் அவன் நக்கலாகக் கேட்கவில்லை. சொல்லுக்கு அர்த்தம் கேட்டான். அவன் பிறக்க இருபது வருடத்துக்கு முன் நடந்த விஷயம். வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ஒண்டும் செய்யேல்லை மகன்" என்று மட்டும்தான் அன்றைக்குச் சொல்ல முடிந்தது.

அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை இங்கே எழுதுகிறோம். அவனும் ஒருநாள் வாசிக்கட்டும்.

1990 ஒக்ரோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. யாழ்ப்பாண நகரத்துக்கு அந்த நாள் வந்தது ஒக்ரோபர் 30, செவ்வாய்க்கிழமை. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்தில் கூடச் சொன்னார்கள். ஊரை விட்டுப் போக இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். எங்களுக்கு அப்போது ஏழு வயது. வாப்பா தையல்காரர். யாருடையதோ பாடசாலைச் சீருடைகள் வெட்டியபடி மேசையில் கிடந்தன. வெள்ளைத் துணியை அவர் மடித்து, மேலே பற்றுச்சீட்டை வைத்து, ஊசி குத்திவிட்டு வந்தார். ஆட்கள் வந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று.

புத்தளத்தில் நிவாரணத்துக்கு ஒரு படிவம் தந்தார்கள். 'இடம்பெயர்ந்தவர்' என்று ஒரு நிரல். வாப்பா அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, மேலே 'வெளியேற்றப்பட்டவர்' என்று எழுதிக் கொடுத்தார். அலுவலர் திருப்பிக் கொடுத்தார். இப்படி ஒரு வகை இல்லை என்றார். வாப்பா விடவில்லை. அந்த மாத நிவாரணம் பிந்திவிட்டது. உம்மாவுக்குக் கோபம். "சொல்லாலே சோறு ஆக்கலாமா?" என்று கேட்டார். கடைசியில் வாப்பா புதுப் படிவம் எடுத்து, அவர்கள் கேட்டபடியே நிரப்பினார். வெட்டிய படிவத்தை மட்டும் மெசின் லாச்சிக்குள் வைத்துக்கொண்டார். வாப்பா 2008இல் மௌத்தானார். படிவம் இப்போது எங்களிடம் இருக்கிறது.

அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. வாத்தியார் வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கியது. எங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிற ரீச்சர் ஒருமுறை தன்வினை, பிறவினை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உருண்டான், உருட்டினான். திரும்பினான், திருப்பினான். பெயர்ந்தது, பெயர்த்தார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குப் பொறி தட்டியது. இடம்பெயர்ந்தோர் என்பது தன்வினை. தாங்களாகப் பெயர்ந்தவர்கள் போல ஒலிக்கிறது. ஆங்கிலத்தின் 'டிஸ்பிளேஸ்ட்' கூட யாரோ பெயர்த்தார்கள் என்ற அளவுக்காவது சொல்கிறது, ஆளை மட்டும் மறைக்கிறது. தமிழில் நாங்கள் அந்த அளவும் சொல்வதில்லை. வாப்பாவுக்கு இலக்கணம் தெரியாது, எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அந்தப் 'ப்பட்ட' எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெளியேற்றப்பட்டவர் என்று எழுதினால், வாசிக்கிறவர் யாரால் என்று கேட்டே ஆக வேண்டும்.

2009இற்குப் பிறகு இந்த விஷயத்தைக் குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று ஆராய்ந்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆணைக்குழு தன் பெயரிலேயே 'எக்ஸ்பல்ஷன்' என்ற சொல்லை வைத்திருந்தது. வாப்பா இருந்து பார்த்திருந்தால் நல்லது.

இது வரைக்கும் எங்கள் பக்கத்து நியாயம். இனி மற்றப் பக்கம்.

ஒக்ரோபர் 30 வலிகாமத்துக்கும் உரிய நாள். சண்டிலிப்பாயில் ஐம்பது வயது தாண்டிய எவரிடமும் கேட்டுப் பாருங்கள். 1995 ஒக்ரோபர் 30, திங்கட்கிழமை. இராணுவம் ரிவிரெச நடவடிக்கையில் முன்னேறிக்கொண்டிருந்தது. வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் போகும்படி புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில், மழைக்குள், செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு அதே திகதி, அதே மாதிரி ஒலிபெருக்கி.

அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் புத்தளத்தில் இருந்தோம். பன்னிரண்டு வயது. வானொலியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஒருவர், "இப்ப தெரியும் அவங்களுக்கு" என்றார். சிலர் தலையாட்டினார்கள். எங்களுக்கும் அந்தப் பேச்சுப் பிடித்திருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

வாப்பா மெசினை நிற்பாட்டினார். "அங்கே மழை பெய்யுதாம். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நடக்கிறாங்க" என்றார். பிறகு மிதிக்கத் தொடங்கினார். யாரும் ஒன்றும் கதைக்கவில்லை.

வலிகாமத்துக்கு நடந்ததற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? 'எக்ஸோடஸ்' என்று எழுதுகிறார்கள். பெருங்கூட்டமாக வெளியேறுதல் என்று அர்த்தம். அதிலும் செய்தவர் இல்லை, போனவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். 'எவக்குவேட்' என்று சொன்னால் நடந்தவர்களுக்குப் பொறுக்காது. பின்னால் செல், முன்னால் ஒலிபெருக்கி. நடுவில் நின்றவருக்குத் தெரிவு எங்கே இருந்தது? அதே நேரம் அதை எங்களுடைய சொல்லாலும் அழைக்க முடியாது. 1990இல் ஒரு மதத்தவரை மட்டும் பிரித்தெடுத்துத் துரத்தினார்கள். 1995இல் ஊர் முழுவதையும் கிளப்பினார்கள். 1996 ஏப்ரலுக்குப் பிறகு வலிகாமத்துச் சனம் திரும்பத் தொடங்கியது. எங்களில் பலர் இன்னும் புத்தளத்தில்தான். எந்த வலி பெரியது என்று நிறுத்துப் பார்க்க இதைச் சொல்லவில்லை. நாங்கள் ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள். வேறு வேறு விஷயங்களுக்கு வேறு வேறு சொல் வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியெல்லாம் தெரிந்த நாங்கள் செய்த பிழை இதுதான்.

இந்த ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு நாள் எங்கள் வகுப்பில் ஒரு மாணவி வரவில்லை. வழமையாக ஒரு நாளும் நிற்காத பிள்ளை. இடாப்பில் 'ஏபி' என்று போட்டோம். அடுத்த நாள் கேட்டபோது, "அம்மம்மாவோட செம்மணிக்குப் போனனான் ரீச்சர்" என்றது. செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் இந்த வருடம் தோண்டிய புதைகுழியிலிருந்து எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும், அடையாளம் காண்பதற்காக மக்களுக்குக் காட்டிய நாள் அது. அங்கே கண்டெடுத்த எலும்புக்கூடுகள் 200ஐத் தாண்டிவிட்டன. பிள்ளையிடம் மேற்கொண்டு கேட்கவில்லை.

செப்ரெம்பரில் குடும்பத்தில் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதச் சொன்னோம். நாற்பது கொப்பிகள். வீட்டில் இரவு இருந்து திருத்தினோம். அந்தப் பிள்ளை தன் தாயின் அண்ணாவைப் பற்றி எழுதியிருந்தது. சைக்கிள் ஓட்டம் பிடிக்கும், கணக்கில் கெட்டிக்காரர், இருபது வயது. பிறகு ஒரு வசனம்: 'மை அங்கிள் வொஸ் டிஸப்பியர்ட் இன் 1996.'

கை தன்பாட்டில் போய் அந்த 'வொஸ்' என்ற சொல்லைச் சிவப்பால் வெட்டியது.

படிப்பிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் வழமையாக விடுகிற பிழை இது. 'வொஸ் டைட்', 'வொஸ் ஹப்பிண்ட்' என்றெல்லாம் எழுதுவார்கள். இறத்தல், நடத்தல், மறைதல் போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்குச் செயப்பாட்டு வினை இல்லை. எத்தனை வருடமாக வெட்டுகிறோம். ஓரத்தில், 'வென்ட் மிஸ்ஸிங் என்றும் எழுதலாம்' என்று ஒரு குறிப்பு வேறு போட்டுவிட்டோம்.

கொப்பி குடுத்த அன்றைக்கு இடைவேளையில் பிள்ளை வந்து நின்றது. அழவில்லை, கோபமும் இல்லை.

"ரீச்சர், இதை வெட்டினா அவர் தானாப் போன மாதிரி வருதெல்லோ?"

வாப்பாவின் படிவம் எங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவர் கை வைத்து எழுதிய அதே 'ப்பட்ட' என்பதைத்தான் நாங்கள் அந்தப் பிள்ளையின் கொப்பியில் வெட்டியிருந்தோம். புத்தளத்து அலுவலருக்காவது படிவத்தில் நிரல் இல்லை. எங்களுக்கு என்ன சாட்டு?

அன்று பாடசாலை விட்ட பிறகு பிள்ளையோடு அவர்களுடைய வீட்டுக்குப் போனோம். அம்மம்மா திண்ணையில் இருந்தார். தேத்தண்ணி தந்தார். எங்கள் வாப்பா தையல்காரர் என்று சொன்னதும், "உங்கட ஆக்களிட்டைத்தான் பிள்ளையளுக்கு உடுப்புத் தைக்கக் குடுக்கிறனாங்கள்" என்றார். மன்னிப்புக் கேட்க வந்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை. கொப்பியைக் காட்டினோம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்தி சொன்னாள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம், அவருடைய அனுமதியோடு.

"காணாமல் போறதெண்டா, பிள்ளை, தேர்த் திருவிழாவிலை கையை விட்டிட்டுக் குழந்தை காணாமல் போறது. தேடினா அழுதுகொண்டு ஓரிடத்திலை நிக்கும். என்ர பிள்ளை காணாமல் போகேல்லை. சுற்றிவளைப்பிலை கூட்டிக்கொண்டு போனவை. நான் படலையிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். போனவன் சட்டை போடேல்லை. சட்டையைக் குடுக்க ஓடினனான். வாங்கேல்லை."

செம்மணியில் அந்த உடுப்புகளுக்குள் அவர் என்ன தேடினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

வலிகாமத்துக்குச் சனம் திரும்பிய பிறகு, 1996இல், யாழ்ப்பாணத்தில் இப்படி நூற்றுக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பவில்லை. அப்போது நாங்கள் புத்தளத்தில் இருந்தோம். எங்களுக்கு அது செய்தி. இவர்களுக்கு அது படலை.

பிறகு இந்தச் சொல்லைப் பற்றித் தேடிப் படித்தோம். 'டிஸப்பியர்' என்பதற்கு ஆங்கிலத்தில் இப்போது பிறவினையும் உண்டு. ஓர் ஆளைப் பிடித்துச் சென்று, எங்கே என்று சொல்லாமல் மறைத்துவிடுதல் என்ற பொருளில் நல்ல அகராதிகளில் இருக்கிறது. ஜோசப் ஹெல்லர் 1961இல் வெளியிட்ட 'கட்ச்-22' நாவலிலேயே அந்தப் பிரயோகம் வருகிறது. அதைக் கேட்கிற பாத்திரம், இது இலக்கணமே இல்லையே என்று குழம்புகிறது. எங்களைப் போல. 1976இற்கும் 1983இற்கும் இடையில் ஆர்ஜென்ரீனாவில் இராணுவ ஆட்சி ஆயிரக்கணக்கானோரை அப்படி மறைத்தது. பிள்ளைகளைத் தேடித் தாய்மார் 1977இலிருந்து தலைநகரின் சதுக்கத்தில் சுற்றி நடந்தார்கள். அந்தக் காலத்துக்குப் பிறகுதான் இந்தச் சொல் உலகம் முழுவதும் பரவியது. 2006இல் ஐ.நா.வின் சமவாயமும் அந்தப் பெயரிலேயே வந்தது.

உண்மையில் அவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை. தமிழில் எங்கள் தாய்மாரே இதைச் செய்திருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் இருந்த அம்மாக்களின் பதாகைகளைப் பார்த்திருப்பீர்கள். 'காணாமல் போனோர்' என்பதை விட்டு 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று மாற்றினார்கள். போனவர், ஆக்கப்பட்டவர். தன்வினை, பிறவினை. பாடசாலையில் ஒரு பாடவேளை முழுக்க எடுத்துச் சொல்கிற இலக்கணத்தை அவர்கள் ஒரு பதாகையில் சொல்லிவிட்டார்கள்.

'மிஸ்ஸிங்' என்பது பொய்ச் சொல் இல்லை. அது பெரிய கூடை. போர்க்களத்தில் தொலைந்த படைவீரரும் அதற்குள் அடங்குவார், பிடித்துச் செல்லப்பட்ட மகனும் அடங்குவான். 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இந்தச் சொல்தான். அதே வருடத்து 16ஆம் இலக்கச் சட்டத்தால், மரணச் சான்றிதழ் வேண்டாம் என்கிற குடும்பங்களுக்கு வேறொரு சான்றிதழ் கிடைக்க வழி வந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது 'அப்சென்ஸ்'. நாங்கள் ஒவ்வொரு நாளும் காலையில் இடாப்பில் போடுகிற அதே சொல். 2018இன் 5ஆம் இலக்கச் சட்டம்தான் வலிந்து காணாமல் ஆக்குவதைக் குற்றம் என்று சொன்னது. ஒன்றில் ஆள் இல்லை, ஒன்றில் ஆள் வரவில்லை, ஒன்றில்தான் செய்தவர் வருகிறார். மூன்றும் ஒரே மகனைப் பற்றியவை.

அடுத்த நாள் வகுப்பில் அந்த வசனத்தைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதினோம். 'வொஸ்' என்பதோடுதான் எழுதினோம். திருத்தியது எங்கள் பிழை என்று சொன்னோம். பரீட்சைக்கு எப்படி எழுதலாம் என்றும் சொன்னோம். சூரியன் மறைந்தது, பேனை மறைந்தது என்றால் 'வொஸ்' வராது. ஓர் ஆளை மற்றவர்கள் மறைத்தார்கள் என்றால் வரும். திருத்துகிறவர் எங்களைப் போல வெட்டிவிடுவார் என்று பயம் இருந்தால், முன்னால் 'ஃபோர்சிப்ளி' என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லது 'வொஸ் டேக்கன் அவே' என்று எழுதுங்கள். யாரும் வெட்ட முடியாது. பிள்ளையின் கொப்பியில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நீலப் பேனையால், 'நீ எழுதியது சரி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம்.

நாங்கள் ஒவ்வொரு நாளும் மானிப்பாயைத் தாண்டி வருகிறோம். 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியை மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதற்குப் பிறகு 1862இல் வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி. அவரும் இந்தப் பக்கத்தில் வேலை செய்த மிசனரிதான். இவ்வளவு சொற்களைப் பொறுக்கிச் சேர்த்த பகுதியில் இருந்துகொண்டு, நடந்த எல்லாவற்றுக்கும் நாம் அகதி, இடப்பெயர்வு, காணாமல் போதல் என்ற மூன்றே சொற்களை வைத்துக்கொண்டிருக்கிறோம். சொல் இல்லாததாலா? இருக்கிற சொல்லைச் சொன்னால், யார் செய்தது என்றும் சொல்ல வேண்டி வரும் என்பதாலா? எங்கள் ஆட்களுக்கும் இதே கேள்விதான். எங்களுக்கு நடந்ததற்குச் சரியான சொல்லைக் கேட்கிறோம். அம்மம்மாவின் மகனுக்கு உரிய சொல்லை நாங்கள் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறோம்?

இன்றைக்கு, ஒக்ரோபர் 30 என்பதால், ஒரு சின்ன வசனத்தை மொழிபெயர்க்கக் குடுத்தோம். 'ஒன் 30 ஒக்டோபர் வீ லெஃப்ட் அவர் ஹோம்ஸ்.' வேண்டுமென்றே ஆண்டு போடவில்லை. எல்லோரும் குனிந்து எழுதினார்கள். முன்பு கேள்வி கேட்ட அதே பையன் கை தூக்கினான்.

"ரீச்சர், இதிலை 'வீ' எண்டது நாமோ, நாங்களோ?"

நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'வீ'தான். கேட்கிறவரைச் சேர்த்ததா, விட்டதா என்று அந்தச் சொல்லில் தெரியாது. தமிழில் தெரியும். கேட்கிறவரும் சேர்ந்தால் நாம், அவர் சேராவிட்டால் நாங்கள்.

"ஆண்டு போட்டா நாங்கள். போடாட்டி நாம்" என்று சொன்னோம். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு இரண்டு வசனமாக எழுதினான். ஒன்றில் 1990, ஒன்றில் 1995. இரண்டிலும் 'நாங்கள்'. மூன்றாவதாக ஆண்டில்லாமல் ஒன்று. அதில் 'நாம்'.

மூன்றுக்கும் சரி போட்டோம்.

வீட்டில் ஐம்பது தாண்டிய பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கு ஒருக்கால் கேளுங்கள். அன்றைக்கு என்ன நடந்தது, அதற்கு அவர்கள் என்ன சொல் சொல்கிறார்கள் என்று. பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேளுங்கள். சொல்கிற சொல்லைத் திருத்தாதீர்கள்.

வஸ்ஸலாம்.